நாமே நடத்தலாம் ஒரு புதிர்ப் பத்திரிகை!



நம்ம பக்கத்து ஆச்சிமார் போடும் அழிப்பாங்கதை எல்லாருக்கும் தெரியும். விடை தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவன் விடிய விடிய உட்கார்ந்தாலும் தெரியாது. கடைசியில் "தோத்துட்டேன் ஆச்சி" என்று கையைத் தூக்க வேண்டியதுதான். ஆனால் லாஜிக் புதிர் அந்த வகை இல்லை. அதற்கு வேண்டிய தகவல் முழுவதும் தாளிலேயே இருக்கும். ஒரு குறிப்பிலிருந்து அடுத்த குறிப்புக்கு நடந்து நடந்து, ஊகமே செய்யாமல் விடைக்குப் போய்ச் சேரலாம். இந்த மாதிரிப் புதிர்களை வைத்து ஒரு சின்னப் பத்திரிகை நடத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

"பத்திரிகையா? டிப்ளமா படிக்கிற நமக்கு எதுக்குடே அது?" என்று கேட்கிற நண்பர்களுக்காக ஒரு பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1907ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தில் குத்தி என்ற ஊரில் வி. ராமசுவாமி ஐயர் என்பவர் டெபுடி கலெக்டராக இருந்தார். கல்லூரிப் பேராசிரியர் இல்லை, ரெவின்யூ இலாகா அதிகாரி. ஆனால் கணக்கு என்றால் உயிர். கணிதப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் தனி ஒருவர் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால், நண்பர்களுக்குக் கடிதம் எழுதி ஒரு சங்கம் ஆரம்பித்தார். எல்லாரும் சந்தா போட்டு வாங்கி, தபாலிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் படிப்பது ஏற்பாடு. அந்தச் சங்கம்தான் பிறகு இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. 1909இல் அதற்குச் சொந்தப் பத்திரிகையும் வந்தது.

அந்தப் பத்திரிகையில் கட்டுரைகளோடு ஒரு கேள்விப் பகுதியும் இருந்தது. வாசகர் ஒருவர் கேள்வி அனுப்புவார். மற்ற வாசகர்கள் விடை அனுப்புவார்கள். நல்ல விடை அனுப்பியவர் பெயரோடு அச்சாகும். அந்தப் பகுதிக்குக் கேள்வி அனுப்பிய வாசகர்களில் ஒருவர், எஃப்.ஏ. பரீட்சையில் தோற்று, பட்டமும் வேலையும் இல்லாமல் அலைந்துகொண்டிருந்த கும்பகோணத்து இளைஞர். பெயர் சீனிவாச ராமானுஜன்! 1911இல் அவர் கேட்ட கேள்வி இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + ...)))) = ?

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, முடிவே இல்லை. ஆறு மாதம் காத்திருந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே விடையைத் தந்தார். விடை வெறும் 3! எப்படி என்று பாருங்கள். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2 × 4 என்று எழுதலாம். அந்த 4 என்பது √16, அதாவது √(1 + 3 × 5). அந்த 5 என்பது √25, அதாவது √(1 + 4 × 6). இப்படியே உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் பின்பற்ற முடிகிறது. ஆனால் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் தலை வேண்டும். (முடிவில்லாமல் போகிற அடுக்கு 3க்கே போய்ச் சேருகிறது என்று கறாராக நிரூபிப்பது தனி வேலை. அது இங்கே வேண்டாம்.)

அந்தப் பகுதியில் ராமானுஜன் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார். 1913இல் கேட்ட ஒன்று இன்னும் தீரவில்லை. 4 × 3 × 2 × 1 = 24, ஒன்றைக் கூட்டினால் 25, அது 5இன் வர்க்கம். 5இலிருந்து பெருக்கினால் 120, ஒன்றைக் கூட்டினால் 11இன் வர்க்கம். 7இலிருந்து பெருக்கினால் 5040, ஒன்றைக் கூட்டினால் 71இன் வர்க்கம். வேறு எந்த எண்ணுக்காவது இப்படி வருமா? பிரான்சில் பிரோகார் என்பவர் 1876இலேயே இதைக் கேட்டிருந்தார். கம்ப்யூட்டரை வைத்து எவ்வளவோ தூரம் தேடியும் நாலாவது எண் கிடைக்கவில்லை. கிடைக்கவே கிடைக்காது என்ற நிரூபணமும் இல்லை.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பெங்களூர் எம்.டி. நாராயண ஐயங்கார். ராமானுஜன் எழுதியது சாதாரண வாசகருக்குப் புரியாத அளவுக்குச் சுருக்கமாக இருந்ததால், முதல் கட்டுரையைத் திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பிவைத்தார். அது 1911 டிசம்பரில் அச்சாயிற்று. என்னைக் கேட்டால், ராமானுஜன் அனுப்பியதை அப்படியே போட்டிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்காது. படிக்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்று மல்லுக்கட்டியதுதான் மரியாதை. பட்டம் இல்லாத ஒருவரின் பெயர் முதலில் அச்சேறியது, வாசகர்களை நம்பி நடந்த அந்தப் பத்திரிகையில்தான். கேள்வி அனுப்பியவர் என்ன படித்திருக்கிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

சரி, அது கணிதப் பத்திரிகை. புதிருக்கென்றே பத்திரிகை நடத்தியவர்கள் உண்டா? உண்டு, ஜப்பானில்.

1980இல் மாகி காஜி என்பவர் நண்பர்கள் இரண்டு பேருடன் சேர்ந்து நிகோலி என்ற புதிர்ப் பத்திரிகையைத் தொடங்கினார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். குதிரைப் பந்தயப் பிரியர். பத்திரிகையின் பெயரே ஒரு பந்தயக் குதிரையின் பெயர்! 1984இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்த எண் புதிரைப் பார்த்துப் பிடித்துப்போய், அதைத் தம் வாசகர்களுக்குப் போட்டார். அதற்கு அவர் வைத்த நீளமான ஜப்பானியப் பெயரைச் சுருக்கியதுதான் 'சுடோகு'. மூலப் புதிரை 1979இல் உருவாக்கியவர் ஹாவர்ட் கார்ன்ஸ் என்ற கட்டட வரைகலைஞர் என்று சொல்லப்படுகிறது. (சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

நிகோலியின் பெருமை சுடோகு மட்டும் இல்லை. வாசகர்களைப் புதிர் போடவும் வைத்தார்கள். வாசகர் ஒரு புது வகைப் புதிரை அனுப்பினால் அதை வெளியிடுவார்கள். மற்ற வாசகர்கள் அதே வகையில் போட்டு அனுப்புவார்கள். நன்றாக இருந்தால் அது நிலைக்கும், இல்லாவிட்டால் மறையும். 1989இல் வந்த 'ஸ்லிதர்லிங்க்' என்ற புதிர், இரண்டு வாசகர்கள் அனுப்பிய யோசனைகளை ஒன்றாக இணைத்ததால் பிறந்தது. புள்ளிகளுக்கு இடையே கோடு போட்டு, எங்கேயும் வெட்டாமல் ஒரே வளையமாக மூட வேண்டும். மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போடும் நம்ம வீட்டுப் பெண்களிடம் இதைக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

1986 வாக்கில் சுடோகுவுக்கு நிகோலி இரண்டு கட்டுப்பாடு வைத்தது. முன்கூட்டித் தரும் எண்கள் 32க்கு மேல் போகக்கூடாது. அவை இருக்கும் கட்டங்கள் சமச்சீராக அமைய வேண்டும். இதெல்லாம் கணக்குக்குத் தேவையானது இல்லை, அழகுக்கு. ஆனால் கையால் யோசித்துப் போட்ட புதிர் என்று வாசகருக்குத் தெரிகிறதல்லவா! பிறகு வேய்ன் கூல்ட் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி 1997இல் டோக்கியோ புத்தகக் கடையில் சுடோகுவைப் பார்த்து, அதை உண்டாக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமைப் பல ஆண்டுகள் உட்கார்ந்து எழுதி, 2004 நவம்பரில் லண்டன் டைம்ஸில் வரவைத்தார். அதன் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. காஜி 2021இல் காலமானார்.

இனி நம்ம வேலைக்கு வருவோம். புதிர்ப் பத்திரிகைக்கு முக்கியமான சட்டம் ஒன்றே ஒன்று: விடை ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு விடை வருகிற புதிரைப் போட்டுவிட்டால், இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துச் சரியான விடை அனுப்பியவனுக்கு "தவறு" என்று பதில் போகும். அவன் அடுத்த இதழைத் தொடமாட்டான். பக்கத்து பெஞ்சுக்காரனையும் தொடவிடமாட்டான்.

ஓர் உதாரணம் செய்து பார்ப்போமா?

களக்காட்டிலிருந்து நாங்குநேரி போகும் பஸ்ஸில் நாலு டிப்ளமா மாணவர்கள் 1, 2, 3, 4 என்று வரிசையான சீட்டுகளில் இருக்கிறார்கள். ஒருவர் சிவில், ஒருவர் மெக்கானிக்கல், ஒருவர் எலெக்ட்ரிகல், ஒருவர் கம்ப்யூட்டர். யார் எந்த சீட்?

(அ) சிவிலும் எலெக்ட்ரிகலும் அடுத்தடுத்த சீட்.
(ஆ) மெக்கானிக்கல் ஓரத்து சீட், அதாவது 1 அல்லது 4.
(இ) கம்ப்யூட்டரும் மெக்கானிக்கலும் அடுத்தடுத்து இல்லை.
(ஈ) எலெக்ட்ரிகலின் சீட் எண், சிவிலின் சீட் எண்ணைவிடச் சிறியது.

மெக்கானிக்கலை 1இல் வைப்போம். கம்ப்யூட்டர் 2இல் வர முடியாது. 3இல் வைத்தால் மிச்சம் 2, 4. அவை அடுத்தடுத்து இல்லை. ஆக கம்ப்யூட்டர் 4, எலெக்ட்ரிகல் 2, சிவில் 3. விடை கிடைத்துவிட்டது! பெரும்பாலானவர்கள் இங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். மூடாதீர்கள். மெக்கானிக்கலை 4இல் வைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் 3இல் முடியாது. 2இல் வைத்தால் மிச்சம் 1, 3, சரிவராது. ஆக கம்ப்யூட்டர் 1, எலெக்ட்ரிகல் 2, சிவில் 3. இதுவும் நாலு குறிப்புக்கும் பொருந்துகிறதே! புதிர் ஓட்டை.

ஓட்டையை அடைக்க ஒரு குறிப்பு சேர்ப்போம்:

(உ) கம்ப்யூட்டரும் சிவிலும் அடுத்தடுத்த சீட்.

இரண்டாவது விடையில் கம்ப்யூட்டர் 1, சிவில் 3. அது அடிபட்டுப் போயிற்று. முதல் விடை மட்டும் நிற்கிறது. வேலை முடிந்ததா? இல்லை. இப்போது (ஆ) தேவையா என்று பாருங்கள். சிவிலுக்கு ஒரு பக்கம் எலெக்ட்ரிகல், மறு பக்கம் கம்ப்யூட்டர் என்றால் இந்த மூன்று பேரும் தொடர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாலாவது ஆளுக்கு ஓரத்து சீட்டைத் தவிர வேறு இடமே கிடையாது! ஆகவே (ஆ)வைத் தூக்கிவிடலாம். மிச்சமுள்ள நாலு குறிப்பில் எதை எடுத்தாலும் விடை ஒன்றுக்கு மேல் போய்விடும். அப்படி நின்றால்தான் புதிர் சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம்.

சில நேரம் ஒரு சின்ன எல்லையே விடையை ஒன்றாக்கிவிடும். 1914 டிசம்பரில் லண்டன் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் டூட்னி என்பவர் போட்ட புதிர்: ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். ஒருவருடைய வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். கேம்பிரிட்ஜில் மஹலனோபிஸ் இதைப் படித்துக்காட்ட, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் அப்படியே விடை சொன்னார் என்பது பிரசித்தம். 288 வீடுகளில் 204ஆவது வீடு. ஆனால் அந்த 50, 500 என்ற எல்லை இல்லாவிட்டால்? 8 வீட்டில் 6ஆவதும் சரி, 49இல் 35ஆவதும் சரி, 1681இல் 1189ஆவதும் சரி. விடைக்கு முடிவே இல்லை. ராமானுஜன் சொன்னது அத்தனை விடையையும் ஒரே அடியில் தரும் ஒரு தொடர் பின்னம்!

புதிர் ரெடியானதும், அதைப் போட்டவர் தவிர இரண்டு பேராவது போட்டுப் பார்க்க வேண்டும். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பது சோதனையே அல்ல.

அச்சு வேலை ரொம்பச் சுலபம். இரண்டு ஏ4 தாளை இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்து நடுவில் மடித்து ஸ்டேப்ளர் அடித்தால் எட்டுப் பக்கம். எந்தப் பக்கம் எங்கே வரும் என்று குழம்ப வேண்டாம். தாளின் ஒரு புறத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 9. வெளித்தாளில் 8, 1. அதன் பின்புறம் 2, 7. உள்தாளில் 6, 3. அதன் பின்புறம் 4, 5. பதினாறு பக்கம் என்றால் கூட்டுத்தொகை 17.

பரிசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. 1930களில் தமிழ்ப் பத்திரிகைகளில் பணப் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டி பெரிய மோகமாக இருந்தது. இந்த மோகம் சூதாட்டமாக மாறும் என்று பயந்துதான் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் வந்தது. அது மாதப் பரிசுக்கு ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு வைத்தது. நமக்கு அந்த வம்பே வேண்டாம். சரியான விடை அனுப்பியவர் பெயரும் வகுப்பும் அடுத்த இதழில் அச்சானால் போதும். அதற்கு இருக்கிற மவுசு ஐம்பது ரூபாய்க்கு இருக்காது! அதேபோல, கல்லூரிக்கு வெளியே விலை வைத்து விற்கிற இதழாக நடத்தப் போனால் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். பழைய 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் முதல் புதிய பதிவுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

விடை அனுப்புகிறவர்களிடம் விடையை மட்டும் கேட்காதீர்கள். எப்படி வந்தீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். எங்கே தடுக்கியது, எந்தக் குறிப்பு இரண்டு பொருள் தந்தது என்பதெல்லாம் அதில்தான் வெளிவரும். குறுக்கு வழி கண்டுபிடித்தவரின் வழியை அப்படியே அச்சிடுங்கள். அவரையே அடுத்த புதிரைப் போடச் சொல்லுங்கள். நிகோலி வளர்ந்தது அந்த ரகசியத்தில்தான்.

ஆரம்பத்துக்கு ஒன்று. மேலே பஸ் புதிரில் மிஞ்சிய (அ), (இ), (ஈ), (உ) ஆகிய நாலு குறிப்புகளில் (அ)வை மட்டும் எடுத்துவிட்டால் மொத்தம் எத்தனை விடை வரும்? விடையையும் வழியையும் ஒரு தாளில் எழுதி யூனியன் அறிவிப்புப் பலகையில் குத்தி வையுங்கள். மலரின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதீர்கள், அங்கே விடை இல்லை!