எந்தக் கமரா நல்லது?

"நிக்கோனா, கெனனா?" கமரா வாங்க எண்ணுவோர் முதலில் கேட்பது இதுதான். விடை பெயரில் இல்லை; வில்லையைப் பொருத்தும் வளையத்தில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வில்லை மற்றையதன் கமராவில் நேரே பொருந்தாது. ஆகவே கமரா பழுதானாலும், சேர்த்த வில்லைகளுக்காக அதே நிறுவனத்தையே நாடுகிறோம். விசுவாசம் என்பதில் பாதி இந்தக் கட்டுப்பாடுதான்.

நிக்கோன் 1959இல் கொண்டுவந்த 'எஃப்' வளையத்தைப் பல தசாப்தங்கள் பேணியது. கெனனோ 1987இல் பழைய வளையத்தைக் கைவிட்டது. பழைய வில்லைகள் புதிய கமராவுக்கு உதவவில்லை. ஆனால் புதிய வில்லைக்குள்ளேயே மோட்டார் இருந்ததால் தானாகக் குவியும் வேகம் கூடியது. நிலைத்திருப்பதற்கும் மாறுவதற்கும் விலை உண்டு.

பெற்றோர் சேமித்த பணத்தில் ஒருமுறைதான் வாங்க முடியும். எனவே எதைப் படமெடுப்போம் என்று முதலில் தீர்மானிப்போம். பேராதனைப் பூங்காவின் ஓர்கிட் பூவுக்கு அண்மைக்காட்சி வில்லை வேண்டும். இரவுப் பெரஹராவுக்கு அகன்ற துவாரமுள்ள வில்லை வேண்டும். பாவித்த வில்லை கிடைக்குமா, திருத்துவோர் அருகில் உண்டா என்றும் விசாரிப்போம். பெயரைக் கடைசியில் பார்ப்போம்.

1870களில் கண்டியில் ஸ்டூடியோ நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவனின் படங்களை இன்றும் வியக்கிறோம். அவரது கமராவின் பெயரை நாம் கேட்பதில்லை.