ஜெர்மனியில் முதல் ஆறு மாதம்

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் ஆறு மாதம்தான் கடினம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது சோதனைக் காலம். இரண்டு வார முன்னறிவிப்பில் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்கு அங்கே திறமையில் குறையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதும், வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதும்தான் அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடுகின்றன.

முதல் வேலை, முகவரிப் பதிவு. அங்கே 'ஆன்மெல்டுங்' என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இதற்கு அவசியம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் காட்டினால் போதாது. அதனால் வீடு பேசும்போதே அந்தத் தாளைத் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். தர மாட்டேன் என்றால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம். பெர்லின் போன்ற ஊர்களில் அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. பயணத்துக்கு முன்பே இணையத்தில் தேடத் தொடங்குங்கள். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் சம்பளம் போட்டால், அதிக வரி பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் உங்களைச் சேர்த்துவிடக்கூடும்.

குடிபுகுந்த அன்றைக்கே தபால்பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். அடுக்ககங்களில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருந்தால், கடிதங்கள் அந்தப் பெயருக்கே வரும். அதையும் சேர்த்து ஒட்டாவிட்டால் வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் திரும்பிப் போய்விடும். வருகிற கடிதத்தை அன்றே பிரித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் படித்து, கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி வரும் கடிதங்களில் ஒன்று ஒளிபரப்புக் கட்டணத்துக்கானது; வீட்டில் டிவி இல்லையென்றாலும் மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும். வீட்டுக்கு ஒரு கட்டணம்தான் என்பதால் கூடத் தங்குபவர்களோடு பங்கு போடலாம்.

அடுத்தது அலுவலகம். இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மேலாளர், "மூன்றாம் பக்கக் கணக்கு தவறு, இதை அனுப்ப முடியாது" என்பார். குரலில் கோபம் இருக்காது, பூசி மெழுகலும் இருக்காது. அரை மணி நேரத்தில் அதே ஆள் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். அவர் சொன்னது தாளைப் பற்றி. உங்களைப் பற்றி அல்ல. இரவெல்லாம் அதை நினைத்து உருகாதீர்கள்.

நீங்களும் அப்படியே பேசப் பழகுங்கள். மரியாதைக்காகத் தலையாட்டி "சரி" என்றால், அதை அவர்கள் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை தர வேண்டிய வேலை முடியாது என்று புதன்கிழமையே தெரிந்தால், "வெள்ளிக்கு முடியாது. இன்ன காரணம். செவ்வாய் மதியம் தருகிறேன்" என்று அன்றே எழுதிவிடுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வெள்ளி மாலை சொன்னால்தான் நம்பிக்கை போகும். புரியாததை இரண்டாம் முறை கேட்பதும் அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. நம் வீடுகளில் பெரியவர் முன் எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

உடம்பு சரியில்லையென்றால் வேலை தொடங்கும் முன் தகவல் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் நீண்டால் மருத்துவர் சான்று வேண்டும். சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும், ஒப்பந்தத்தில் பாருங்கள். காய்ச்சலோடு வந்து உட்கார்வதை அங்கே யாரும் உழைப்பாக நினைப்பதில்லை. அலுவலகத்தில் உங்கள் பிறந்தநாள் என்றால் கேக் கொண்டுவர வேண்டியவர் நீங்கள்தான். யாருக்கும் முந்தின நாளே வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், அபசகுனமாக நினைப்பவர்கள் உண்டு.

வீட்டு விஷயம் எளிது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்; அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் மிக்சி ஓடக்கூடாது. குப்பையைப் பிரித்துப் போடுங்கள். குளிர்காலத்திலும் தினமும் சில தடவை ஜன்னலை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் காற்று வர விடுங்கள். சாம்பாரும் ரசமும் கொதிக்கும் வீட்டில் ஈரம் தங்கிச் சுவரில் பூசணம் பிடித்தால், காலி செய்யும்போது முன்பணத்தில் கைவைப்பார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112, இரவில் காய்ச்சல் போன்றவற்றுக்கு 116117.

நவம்பர் வந்தால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். தனிமை நெஞ்சை அடைப்பது அப்போதுதான். ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவில் ஹாம் நகரில் இருக்கிறது. பக்கத்தில் இருந்தால் போய்வாருங்கள், தமிழ்க் குரல் காதில் விழும். ஆனால் உள்ளூர் மனிதர்களோடு பழக, பேட்மின்டனோ பாட்டோ, ஏதாவது ஒரு மன்றத்தில் சேருங்கள். அங்கே நட்பு மெதுவாகத்தான் வரும். வாரா வாரம் அதே முகங்களைப் பார்த்தால் வரும். கூடவே 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' என்ற மக்கள் கல்வி நிலையத்தில் மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் பெயர் கொடுங்கள். புதிய பருவங்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தொடங்கும். இடம் சீக்கிரம் நிரம்பும், முகவரி பதிந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.