சேடில் பீக் ஏறப் போகும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். ஜனவரியில் நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும் அந்தமான் போகிறீர்களாம், திக்லிப்பூர் வரைக்கும் போய்ச் சேடில் பீக் ஏறப் போகிறீர்களாம். உன் அம்மா போனில் சொன்னாள். நீங்க சொன்னா கேட்பா அக்கா, வேண்டாம்னு சொல்லுங்க என்றாள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. போர்ட் பிளேரில் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். அந்தக் காட்டின் அழகை அறிந்தவள். போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான். போய் வா. ஆனால் நான் எழுதுவதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டுப் போ.

“வெறும் 732 மீட்டர்தானே பெரியம்மா, கொடைக்கானலே 2,000 மீட்டருக்கு மேல” என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. கொடைக்கானலில் அந்த உயரத்தைப் பஸ் ஏறிக் கடக்கிறது, நாம் இறங்கி ஏரியைச் சுற்றுகிறோம். சேடில் பீக்கில் நீ புறப்படுவது லாமியா பே கடற்கரையில், அலை காலை நனைக்கும் இடத்தில். அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான இடம் அது. அந்த 732 மீட்டரில் ஒரு மீட்டரைக்கூட வண்டி உனக்காக ஏறித் தராது. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர். தொடக்கத்தில் பாதை கடலை ஒட்டி, கல்லும் மணலுமாக, பெரிய ஏற்றம் இல்லாமல் போகும். இவ்வளவுதானா என்று தோன்றும். பிறகு காட்டுக்குள் திரும்பியதும் ஏற்றம் தொடங்கும்; ஏறவேண்டிய உயரமெல்லாம் அந்தப் பின்பகுதியில்தான் குவிந்திருக்கிறது. ஆகவே கடற்கரையில் வேகமாக நடந்து கால்களைத் தீர்த்துவிடாதே.

பர்வதமலையில் கடப்பாரைப் படி ஏறியவள் நீ, தெரியும். அங்கே முன்னாலும் பின்னாலும் ஆள் இருக்கும், நடுவில் சோடாக் கடை இருக்கும், யாராவது அரோகரா சொல்லித் தைரியம் கொடுப்பார்கள். இங்கே காலையில் அடிவாரத்தில் பெயர் பதிந்துவிட்டு உள்ளே போனால், மாலை வரை நீங்கள் மூன்று பேரும் வழிகாட்டியும் மட்டும்தான். கைபேசி படம் எடுக்க உதவும், யாரையும் கூப்பிட உதவும் என்று நம்பிப் போகாதே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அந்தமானில் நம் கடிகாரம்தான், ஆனால் சூரியன் நம்முடையது இல்லை. சென்னைக்கு வெகுதூரம் கிழக்கே இருப்பதால், அங்கே ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்ந்துவிடும். ஜனவரி நடுவில் திக்லிப்பூரில் மாலை ஐந்து மணி பத்து நிமிட அளவில் சூரியன் மறைந்துவிடும். அதுவும் வெட்டவெளியில். கர்ஜன் மரமும் படாக் மரமும் மேலே கூரை போட்டிருக்கிற காட்டுக்குள் நாலு மணிக்கே தரையில் வேரும் கல்லும் ஒரே நிறமாகிவிடும். சென்னையில் ஆறு மணி வரை வெளிச்சத்தில் பழகிய உடம்பு இன்னும் நேரம் இருக்கிறது என்றே உன்னிடம் சொல்லும். அதை நம்பாதே.

அதனால் திரும்பும் நேரத்தை முதல் நாள் இரவே, விடுதியில் உட்கார்ந்து, மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள். விடிந்ததும் ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால் பதினொன்றரை என்று வைத்துக்கொள். பதினொன்றரைக்கு எங்கே நிற்கிறாயோ அதுதான் உன் உச்சி. நடக்கத் தொடங்குவது ஏழு மணி ஆகிவிட்டது என்றாலும் பதினொன்றரை பதினொன்றரைதான், தள்ளிப் போடக்கூடாது. இறங்குவது ஏறுவதை விடச் சுலபம் என்று நினைத்துக்கொண்டு பாதி நேரம் ஒதுக்குகிறவர்கள்தான் இருட்டில் மாட்டுகிறவர்கள். ஈரமண்ணும் வேரும் கலந்த செங்குத்துப் பாதையில் களைத்த காலோடு இறங்க, ஏற எடுத்த நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறையும்.

இதை ஏன் முந்தின இரவே முடிவு செய்யச் சொல்கிறேன் தெரியுமா? மேலே போனபின் அந்த முடிவை எடுப்பது நீ இல்லை. களைப்பும், “இன்னும் அரை மணிதான்” என்கிற ஆசையும், இவ்வளவு செலவு பண்ணி வந்தோமே என்கிற கணக்கும் சேர்ந்துதான் முடிவெடுக்கும். மூன்று பேரில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் அவள் வெட்கப்பட்டு வாயைத் திறக்கமாட்டாள். முன்பே பேசி வைத்த நேரம் என்றால் யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது, மனஸ்தாபம் வராது. வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால் பதினொன்றரைக்கு முன்பே என்றாலும் திரும்பிவிடு, ஏன் என்று கேட்டு நிற்காதே. 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள் திக்லிப்பூர்ப் பக்கம் நிறைய. உனக்கு வழிகாட்டியும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையாக இருக்கலாம். தாதா என்று மரியாதையாகக் கூப்பிடு. பேசிய கூலியைப் பாதியில் திரும்பினாலும் குறைக்காமல் கொடு. கூலி குறையும் என்று அவருக்குப் பயம் இருந்தால், திரும்பவேண்டிய நேரத்தில் திரும்பலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

அடுத்தது தண்ணீர். பெண் பிள்ளைகளுக்கு என்று தனியாகச் சொல்லவேண்டியது. பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறேன், சுற்றுலா என்றால் மாணவிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார்கள். கழிப்பறை இருக்காதே என்ற பயம். அந்தப் பழக்கம் உன் வயதிலும் போகாது, எனக்கும் வெகுகாலம் போகவில்லை. இந்த மலையில் அது ஆபத்து. அந்தக் காடு இட்லிப் பானைக்குள் இருக்கிற மாதிரிதான்: காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உடம்பிலேயே நிற்கும், காயாது, வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும். சட்டையைப் பிழியலாம் போல நனைந்திருக்கும், ஆனால் சூடு இறங்காது. மூன்று லிட்டராவது ஆளுக்கு எடுத்துப் போ. தாகம் வரும்வரை காத்திருக்காமல் வாய்வாயாகக் குடி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உப்பு குறைந்து தலை கிறுகிறுக்கும். ஓஆர்எஸ் பொட்டலம் வைத்துக்கொள். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்கவேண்டும், அரை லிட்டரில் கெட்டியாகக் கரைத்தால் நல்லதுக்குப் பதில் கெடுதல். சிறுநீர் வந்தால் அடக்காதே. இரண்டு பேர் துப்பட்டாவைப் பிடித்து மறைத்து நிற்கட்டும், வழிகாட்டியைப் பத்தடி முன்னால் போகச் சொல்லுங்கள், வழிகாட்டிகளுக்கு இதெல்லாம் பழக்கம். மாதவிடாய் நாள் வந்துவிட்டால் போகக்கூடாது என்று ஒன்றும் இல்லை. முதல் நாள் வலி உனக்கு எப்படி என்று உனக்குத்தான் தெரியும், அதை வைத்து முடிவு செய். பயன்படுத்திய நாப்கினைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக் கீழே கொண்டுவா.

தோழிகளில் யாராவது காரணமில்லாமல் சிடுசிடுவென்று பேசினால், கோபம் என்று நினைக்காதே. உடம்பு சூடேறியதற்கு அதுவும் ஓர் அறிகுறி. தலைவலி, குமட்டல், வார்த்தை குழறுவது எல்லாமும் அப்படித்தான். நிழலில் உட்கார வை, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் விடு, அன்றைக்கு அதற்குமேல் ஏறாதே. மெதுவாக நடப்பவளை எப்போதும் முன்னால் விடு. பின்னால் விட்டால் அவள் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் ஓய்வு முடிந்து கிளம்பிவிடுவார்கள், அவளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

கால் விஷயம். புது ஷூ வாங்கிக்கொண்டு நேரே மலைக்குப் போகாதே. இப்போதே வாங்கிப் போட்டு நட. அடியில் ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் இருக்கவேண்டும், கடற்கரைப் பாறையில் பாசி வழுக்கும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் ஷூவின் முனையில் போய் இடிக்கும். நகம் நீண்டிருந்தால் கீழே வந்து சேரும்போது அது கறுத்திருக்கும். இறக்கம் தொடங்கும் முன் ஒரு முறை உட்கார்ந்து நாடாவை முழுதும் தளர்த்தி, குதிகாலைப் பின்னால் தள்ளித் தட்டி, கணுக்கால் பக்கத்தில் இறுக்கிக் கட்டு. இரண்டு நிமிட வேலை, யாரும் செய்யமாட்டார்கள். உன் அடுக்குமாடிப் படியில் இன்றிலிருந்தே பை மாட்டிக்கொண்டு ஏறு. இறங்குவதற்கு மட்டும் லிஃப்ட் பிடிக்காதே. தொடையைப் பழக்குவது இறக்கம்தான்.

வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும். பிரம்புக் கொடியில் முள் இருக்கும், தாழையில் இருக்கும், தாழ்ந்த கொம்பில் விரியன் சுருண்டிருக்கலாம். பார்த்துவிட்டுக் கையை வை. பாம்புக்கடி மருந்து இருக்கிறதே என்று அலட்சியம் வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் விஷத்தை வைத்து, பெரும்பாலும் நம் வடநெம்மேலி இருளர்கள் எடுத்துக் கொடுக்கிற விஷத்தில், தயாராவது அந்த மருந்து. அந்தமான் காட்டுப் பாம்புகள் வேறு இனம், அவற்றின் விஷத்துக்கு அது கேட்கும் என்று நம்பமுடியாது. மழை விழுந்தால் அட்டை வரும். பேண்ட் முனையைச் சாக்ஸுக்குள் விடு. ஒட்டிக்கொண்டால் உப்பும் நெருப்பும் தேடாதே, வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளிவிடு. ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், அது அட்டையின் எச்சில் செய்கிற வேலை, பயப்படாதே. ஓடை கடலில் சேரும் கழிமுகத்தில் மட்டும் கைகால் கழுவ இறங்காதே. வட அந்தமான் ஓடைகளில் முதலை உண்டு. தண்ணீர் அமைதியாக இருப்பதை வைத்து எதுவும் சொல்லமுடியாது.

சாப்பாட்டுக்குச் சப்பாத்தி, வாழைப்பழம், கடலை மிட்டாய் போதும்.

நாட்களை எப்படி வைத்திருக்கிறாய் என்று உன் அட்டவணையைப் பார்த்தேன். போர்ட் பிளேரிலிருந்து திக்லிப்பூருக்கு டிரங்க் ரோட்டில் ஏறத்தாழ ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறித்த நேரத்துக்குத்தான் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் விடுவார்கள். அதற்குள் வண்டியை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, ஜன்னல் வழியாக எதையும் நீட்டக்கூடாது. அது அந்த மக்களின் வீடு. சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் சட்டம் இல்லாவிட்டாலும் நீ அப்படி நடப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயணம் முடிந்த மறுநாள் காலையே மலை என்று போட்டிருக்கிறாய். மாற்று. நடுவில் ஒரு நாள் விடு. ராஸ், ஸ்மித் தீவுகளுக்கு அன்றைக்குப் போ. இரண்டையும் இணைக்கிற மணல் திட்டு நீர் வற்றும் நேரத்தில்தான் தெரியும், படகுக்காரரிடம் கேட்டுப் புறப்படு. அப்படியே மறுநாளுக்குக் கடல் எப்போது ஏறும் என்றும் கேட்டு வை, லாமியா பே பாதைக்கு அது தேவை.

கலிப்பூர்க் கடற்கரையில் ஜனவரியில் கடலாமைகள் இரவில் முட்டையிட ஏறி வரும். கட்டாயம் பார்க்கவேண்டியது, ஆனால் மலைக்கு முந்தின இரவு வேண்டாம், தூக்கம் போய்விடும். இறங்கி வந்த மறுநாள் இரவு போ. டார்ச்சும் ஃபிளாஷும் அணைத்துவிட்டு, வனத்துறை ஆள் சொல்கிற தூரத்தில் நில். விமானத்துக்கும் மலைக்கும் நடுவே இரண்டு நாளாவது இருக்கட்டும். அப்போதுதான் ஒரு நாள் மழை பிடித்தால் மலையை அடுத்த நாளைக்குத் தள்ள மனம் வரும்.

உச்சியில் மேகம் மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது, அப்படியும் நடக்கும். அதற்காக அந்த நாள் வீண் இல்லை. வழியில் நின்று பலகை வேர்களைப் பார். ஆளுயரத்துக்கு மேல் சுவர் மாதிரி எழும்பியிருக்கும், தட்டினால் கணீர் என்று சத்தம் வரும்.

விடுதிக்காரரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. ஆறு மணிக்குள் வராவிட்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டு வை. ஆளுக்கொரு தலைவிளக்கு, புது பேட்டரி. உன் அம்மாவிடம் இரவு எட்டு மணிக்குத்தான் உன் போன் வரும் என்று நான் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணியிலிருந்தே அவள் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. திருத்திய அட்டவணையை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியம்மா