கால்பந்தாட்டமும் சமூக ஒருமைப்பாடும்: பெங்களூர் தரும் பாடம்

வேலை தேடி வருவோரால் வளரும் எந்த நகரமும் ஒரே மொழியையோ ஒரே சமயத்தையோ கொண்டதாக இருப்பதில்லை. தொழிற்கூடத்தில் அருகருகே நின்று உழைப்பவர்கள், மாலையில் தத்தம் தெருக்களுக்குத் திரும்பியபின் ஒருவரையொருவர் அறியாதவர்களாகவே வாழ்கின்றனர். பதற்றம் தோன்றும் காலத்தில் வதந்தி வேரூன்றுவது இந்த இடைவெளியில்தான். இதனைக் குறைக்க விளையாட்டு எவ்வளவு உதவும், எந்த நிபந்தனைகளின்கீழ் உதவும் என்பதை ஆராய்வதற்குப் பெங்களூரின் கால்பந்தாட்ட வரலாறு தக்க சான்றாகும்.

வரலாற்றுப் பின்னணி

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் 'தண்டு' எனப்பட்ட இராணுவக் குடியிருப்பை அமைத்தனர். அதைச் சார்ந்து பிழைக்கத் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிறு வணிகர், கைவினைஞர், கூலித் தொழிலாளர் எனப் பலர் குடியேறினர். சிப்பாய்கள் ஆடிய பந்தாட்டம் அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன் போன்ற உழைக்கும் மக்களின் பகுதிகளில் பரவியது. ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். காலணிகூட அன்று கட்டாயமாக இருக்கவில்லை. ஏழையும் எளிதில் பங்குபெறக்கூடிய இந்தத் தன்மையே இவ்விளையாட்டின் முதல் வலிமை எனலாம்.

பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937, 1938 ஆகிய இரு ஆண்டுகளிலும் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1946-47-இல் மைசூர் அணி சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்றபோது, இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். அதே நகரின் அகமது கான், தன்ராஜ் ஆகியோரும் அவ்வணியில் இடம்பெற்றிருந்தனர்.

பின்னர் அகமது கானும் தன்ராஜும் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஆடினர். வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோருடன் சேர்ந்து இவர்கள் அமைத்த முன்வரிசை 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வெல்லத் துணைநின்றது. 1946-ஆம் ஆண்டின் கொடிய வகுப்புக் கலவரத்தையும், அடுத்த ஆண்டே பிரிவினையையும் கண்ட நகரம் கல்கத்தா. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தோர் திரளாக ஆதரித்த கழகம் அது. அங்கு, இரு முஸ்லிம்கள் உள்ளிட்ட அந்த ஐவரையும் இரசிகர்கள் 'பஞ்ச பாண்டவர்' என்றே அழைத்தனர். அறிவுரையால் எளிதில் பெறமுடியாத ஒரு மாற்றத்தை இப்பெயர் சுட்டுகிறது.

அணியின் அமைப்பே அடிப்படை

எனினும், பந்து உருண்டாலே பகை மறையும் எனக் கொள்வது பிழையாகும். பம்பாயின் பஞ்சமுனைக் கிரிக்கெட் போட்டியில் அணிகள் சமய அடிப்படையிலேயே அமைக்கப்பட்டன. அது பிரிவினையுணர்வை வளர்க்கிறது என்ற எதிர்ப்பு வலுத்து, 1946-இல் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக், ரேஞ்சர்ஸ் கழகங்களின் போட்டி கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இடையிலான பிளவையே நெடுங்காலம் எதிரொலித்தது.

சமூக உளவியலறிஞர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் நான்கு நிபந்தனைகளை வகுத்துரைத்தார்: சமமான நிலை, பொதுவான குறிக்கோள், கூட்டுழைப்பு, அதிகார அமைப்புகளின் ஆதரவு. எதிரெதிர் அணிகளில் இரு சமூகங்களை நிறுத்தினால் பொதுக்குறிக்கோள் இல்லாமற் போகிறது; ஒரே அணியில் கலந்து ஆடச்செய்தால் நான்கும் கைகூட வழியுண்டு.

இதன் எல்லையும் அறியத்தக்கது. ஈராக்கில் இடம்பெயர்ந்த கிறித்தவர்களின் சில கால்பந்து அணிகளில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா நடத்திய ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கலப்பு அணியில் ஆடியவர்கள் மாதங்கள் சென்றபின்னும் முஸ்லிம்களுடன் சேர்ந்து பயிற்சி செய்ய முன்வந்தனர். ஆனால் ஆடுகளத்துக்கு வெளியே, அறிமுகமற்றவர்களிடம் அவர்கள் நடந்துகொண்ட முறையில் தெளிவான மாற்றம் காணப்படவில்லை.

பெங்களூரின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1991-இல் காவிரிப் பிரச்சினையையொட்டித் தமிழர்மீது நடந்த தாக்குதல்களையும், 1994-இல் உருதுச் செய்தி ஒளிபரப்பையொட்டி மூண்ட கலவரத்தையும் இந்நகரின் பந்தாட்ட மரபு தடுத்துவிடவில்லை. திடலில் பிறக்கும் நட்பு, வேலையிலும் பள்ளியிலும் குடியிருப்பிலும் தொடர்ந்தாலன்றி நிலைபெறாது.

நிர்வாகத்தின் பங்கு

இத்தொடர்ச்சிக்குப் பொதுத்துறை நிறுவனங்கள் ஒரு வழியைக் காட்டியுள்ளன. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், இந்தியத் தொலைபேசித் தொழிலகம் ஆகியவை கால்பந்து அணிகளைப் பேணி, வீரர்களுக்கு வேலை அளித்தன. தகுதியே அளவுகோலான அந்த அணிகளில் ஆடியவர்களுக்கு ஒரே கூரையின்கீழ் உழைப்பும் ஊதியமும் கிடைத்தன. ஆல்போர்ட் கூறிய நிறுவன ஆதரவின் நடைமுறை வடிவம் இதுவேயாகும்.

கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. தங்களுக்குரிய பெருமையை அப்பகுதி மக்கள் எங்கெல்லாம் கண்டனர் என்பதற்கு அது சாட்சி. இத்தகைய ஆர்வத்தைப் பயன்படுத்த விழையும் அலுவலர்கள் மூன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். முதலாவது, நிலமதிப்பு உயரும் நகரில் பொதுத் திடல்களைக் காத்தல். இரண்டாவது, சாதி, சமயம், மொழி வாரியாக அன்றி, பல தெருக்களின் சிறுவர் சிறுமியரைக் கலந்து அணிகளை அமைத்தல். மூன்றாவது, ஒருநாள் விழாவோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுவதும் பயிற்சியும், அதன்பின் கல்விக்கும் வேலைக்கும் வழியும் ஏற்படுத்துதல்.

கோப்பை வழங்கி ஒளிப்படம் எடுப்பதற்கு ஒருநாள் போதும். அயல்தெருச் சிறுவன் பந்தைத் தன்னிடம் தள்ளுவான் என்று நம்பி ஓடும் பழக்கம் உருவாகப் பல பருவங்கள் தேவை. திட்டச் செலவு எதற்காக என்பதை அந்த நம்பிக்கையைக் கொண்டே அளவிடுதல் தகும்.