புள்ளி விழுந்த படம் பழுதான படமா?

சித்தேரி மலையில் இருப்பவர் சிடி ஸ்கேன் எடுக்க அரூருக்கோ தருமபுரிக்கோ இறங்க வேண்டும். பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போய்விடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை, புள்ளி விழுந்திருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுக்கிவிட்டு மறுபடி எடுப்பது வீண் செலவு, வீண் கதிர்வீச்சு.

நம்பிக்கை: படம் புள்ளி புள்ளியாக இருந்தால் மெஷின் சரியில்லை.
உண்மை: சிடியில் பயன்படும் எக்ஸ்ரே கதிர் துகள் துகளாகத்தான் வந்து விழுகிறது. முற்றத்தில் தூறல் விழும்போது ஓரிடம் நனைந்தும் பக்கத்து இடம் காய்ந்தும் கிடக்கும். அடைமழையில் எல்லாம் ஒரே ஈரம். கதிரின் அளவு, அதாவது டோஸ், குறைந்தால் படத்திலும் அந்தத் திட்டுத்திட்டு தெரியும். அதுதான் ‘நாய்ஸ்’. மற்ற அமைப்புகளை மாற்றாமல் டோஸை மட்டும் கால் பங்காக்கினால் நாய்ஸ் இரட்டிப்பாகும்.

நம்பிக்கை: டோஸைக் கூட்டிப் பளிச்சென்று எடுப்பதே நல்லது.
உண்மை: எதைத் தேடுகிறோம் என்பதுதான் கேள்வி. நுரையீரலில் சுற்றிலும் காற்று இருப்பதால், சிறு கட்டிகூட நாய்ஸை மீறித் தெரியும். கல்லீரலில் கட்டிக்கும் சதைக்கும் நிற வேறுபாடு மிகக் குறைவு. அங்கே கூடுதல் டோஸ் தேவைப்படலாம். அமெரிக்காவில் அதிகம் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியானது. எக்ஸ்ரே எடுத்தவர்களைவிடக் குறைந்த டோஸ் சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைவு.

நம்பிக்கை: நாய்ஸை கம்ப்யூட்டர் அடியோடு நீக்கிவிடும்.
உண்மை: சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் இத்தகைய படத்தை உருவாக்கும் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். ‘ராம்-லாக்’ என்று உலகமே அதை அழைக்கிறது. விளிம்புகளைக் கூர்மையாக்கும் அந்த முறை, கூடவே நாய்ஸையும் தூக்கிக் காட்டும். நாய்ஸை அடக்கப் படத்தை மென்மையாக்கினாலோ நுண்ணிய கட்டியும் சேர்ந்து மங்கும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இந்த இழுபறியை வெகுவாகத் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் பதிவாகாத விவரத்தை எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது.

நம்பிக்கை: ஒரு சிடி, 300 எக்ஸ்ரேக்குச் சமம், எடுக்கவே கூடாது.
உண்மை: கொரோனா காலத்தில், 2021 மே மாதம் டெல்லி எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரண்தீப் குலேரியா, ஒரு சிடி 300 முதல் 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொன்னார்; இந்தியக் கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் மறுத்தது. தேவையற்ற ஸ்கேன் வேண்டாம் என்ற அவருடைய எச்சரிக்கை நியாயமானது. ஆனால் மார்பு எக்ஸ்ரேயின் டோஸ் மிகமிகச் சிறியது. அதை அளவுகோலாக்கினால் எல்லாமே பூதாகரமாகத் தெரியும். வழக்கமான மார்பு சிடி சுமார் 6 முதல் 7 மில்லிசீவர்ட். குறைந்த டோஸ் சிடி சுமார் 1.5. மண்ணிலும் வானத்திலும் இருந்து நாம் ஆண்டுதோறும் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரியே 2.4.

நம்பிக்கை: நோயாளி செய்ய ஒன்றுமில்லை.
உண்மை: நிறைய உண்டு. மார்பு ஸ்கேனில் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வையுங்கள். கை உடலோடு ஒட்டிக் கிடந்தால் கதிர் அதையும் துளைக்க வேண்டியிருக்கும், படத்தில் கோடுகள் விழும். உலோகத் தாயத்தையும் சங்கிலியையும் கழற்றிவிடுங்கள். மூச்சை அடக்கச் சொன்னால் அடக்குங்கள். மேஜையின் நடுவில் படுக்க வைத்தபின் நகராதீர்கள். நடுவிலிருந்து விலகினாலே நாய்ஸ் கூடும். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

பழைய படங்களையும் அவை பதிந்த குறுந்தட்டையும் கையோடு கொண்டுபோங்கள். “இதைக் குறைந்த டோஸில் எடுக்கலாமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.