சேர்வராயன் கோயில் பூச்சியமானால்

ஆறாம் வகுப்பில் ‘முழுக்கள்’ பாடம். −3, −7 இவற்றில் எது பெரியது என்று கேட்டேன். வகுப்பே ‘−7’ என்றது. எண்கோடு வரைந்து, வலப்புறம் இருப்பதே பெரியது என்று விளக்கினேன். மறுநாளும் அதே விடைதான்.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு வலம் இடத்தைவிட மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். எனவே எண்கோட்டைச் செங்குத்தாக வரைந்தேன். கடல்மட்டத்திலிருந்து சேர்வராயன் கோயில் ஏறத்தாழ 1620 மீட்டர் உயரம், ஏற்காடு 1500, சேலம் 280. கோயிலைப் பூச்சியமாகக் கொண்டால் ஏற்காடு −120, சேலம் −1340.

“எது பெரிய எண்?”

“சேலம்” என்றாள் ஒரு மாணவி.

“எந்த ஊர் மேலே இருக்கிறது?”

“ஏற்காடு, சார்.” சற்று நிறுத்தி, “அப்போ −120தான் பெரிசு” என்றாள்.

எவ்வளவு கீழே என்பதையே அவள் அதுவரை ஒப்பிட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் அவள் விடை சரிதான். நான் கேட்டதுதான் வேறு.

“நம்ம ஊரைப் பூச்சியமா வைக்கலாமா?” என்றான் ஒருவன். நான் திட்டமிடாத கேள்வி. வைத்தோம்: கோயில் +120, சேலம் −1220. சேலத்தையே பூச்சியமாக்கினால் ஏற்காடு +1220, கோயில் +1340. குறை முழுவே இல்லை. குறிகள் மாறின, வரிசை மாறவில்லை.

‘−1340 மீட்டர் கீழே’ என்று மட்டும் சொல்லவிடாதீர்கள். ‘கீழே’ என்பதைக் குறைக்குறியே சொல்லிவிடுகிறது. சமவெளிப் பள்ளிகளில் கிணற்றின் கைப்பிடிச்சுவரைப் பூச்சியமாகக் கொள்ளலாம்.