பழைய பைத்தானை அழிக்காதீர்கள்

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் ட்ரிபிள் ஐடி இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் வளாகம் இருக்கிறது. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து பிஜி விடுதிகளில் தங்கும் பிள்ளைகளும் நிறையப் பேர். அவர்கள் லேப்டாப்பில் கல்லூரியில் போட்ட பைத்தான் ஒன்று, பயிற்சி வகுப்பில் போடச் சொன்னது ஒன்று, அலுவலக வேலைக்கு வேண்டியது ஒன்று என்று இருப்பது சகஜம். புரோகிராம் ஓடாதபோது அறைத்தோழர்கள் சொல்லும் வைத்தியங்களைத்தான் கொஞ்சம் சோதிக்க வேண்டும்.

நம்பிக்கை: பழைய வெர்ஷனை நீக்கினால் சிக்கல் தீரும்.

உண்மை: உபுண்டுவில் சிக்கல் பெருகும். அதனோடு வரும் பைத்தான் 3 இயங்குதளத்தின் சொந்த உபயோகத்துக்கானது. அதன் கருவிகள் பல அதிலேயே எழுதப்பட்டவை. அதை நீக்கினால் டெஸ்க்டாப் தொகுப்புகளும் சேர்ந்து கிளம்பிவிடும். விட்டுவைத்து, 'பைத்தான்3' என்ற பெயரை மட்டும் புதிய வெர்ஷனுக்குத் திருப்பினாலும் அந்தக் கருவிகளில் சில நின்றுபோகும். வெர்ஷன்கள் தனித்தனி இடத்தில் தம்பாட்டுக்கு இருக்கின்றன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எது வருகிறது என்பதில்தான் குழப்பம்.

நம்பிக்கை: கடைசியாக இன்ஸ்டால் செய்ததே ஓடும்.

உண்மை: 'பாத்' பட்டியலில் எந்த ஃபோல்டர் முன்னால் வருகிறதோ, அதிலுள்ளது ஓடும். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் 'வேர் பைத்தான்' என்று தட்டினால் வரிசை தெரியும். பிப் இன்ஸ்டால் வெற்றி என்று காட்டிய பிறகும் இம்போர்ட் ஆகவில்லையா? அந்தப் பிப் வேறொரு பைத்தானுடையதாக இருக்கலாம். 'பைத்தான் -எம் பிப்' என்று தட்டிப் பழகுங்கள். ஓடும் பைத்தானுக்கே பேக்கேஜ் போய்ச் சேரும்.

நம்பிக்கை: பிழை காட்டாமல் ஓடினால் எந்த வெர்ஷனும் சரிதான்.

உண்மை: மூன்றிலும் ஆபத்தானது இதுவே. கோப்பின் தலையில் யுடிஎஃப்-8 என்று குறித்துவிட்டு 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். பைத்தான் 2 சொல்லும் விடை 15; பைத்தான் 3 சொல்வது 5. முன்னது பைட்டுகளை எண்ணுகிறது, ஒரு குறிக்கு 3 வீதம். பின்னது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. நாம் எண்ணும் மூன்று எழுத்தை இரண்டும் தராது. அதற்கு 'ஓப்பன்-தமிழ்' போன்ற நிரல்தொகுப்பு வேண்டும். 7ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2இல் 3, பைத்தான் 3இல் 3.5. எங்கும் எச்சரிக்கை வராது. தமிழ்த் தரவையோ சம்பளக் கணக்கையோ கையாளும் பழைய ஸ்கிரிப்ட் தவறான பைத்தானில் ஓடினால், தவறான விடை சத்தமில்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விடும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது. அதில் எழுதியவற்றை மாற்றி எழுதாமல் பைத்தான் 3இல் ஓட்டிப் பார்ப்பது சரியான வழி அல்ல.

செய்ய வேண்டியது சிறிய வேலை. 2012இல் வந்த பைத்தான் 3.3 முதல் 'வென்வ்' கூடவே வருகிறது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி வென்வ் போடுங்கள். எந்த வெர்ஷனைக் கொண்டு உருவாக்குகிறீர்களோ, அதையே அது பிடித்துக்கொள்ளும். பேக்கேஜ்களும் அதற்குள்ளேயே அடங்கும். வேறு வெர்ஷன் தேவையென்றால் லினக்ஸில் 'பைஎன்வ்' கொண்டு தனியே நிறுவலாம். 2023இல் வந்த டெபியன் 12, இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேரடியாக எழுதுவதையே மறுக்கிறது. அந்தத் தடையை மீறும் வழியைத் தேடாதீர்கள்.

லேப்டாப்பை ஃபார்மட் செய்யச் சொல்லி யாராவது வந்தால், முதலில் 'சிஸ்' மாட்யூலை இம்போர்ட் செய்து 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும்.